நடப்பெண்

செவ்வாய், காலை பத்தேகால்.
உட்துறைமுக வீதி, மேல்மாடி அறை.
ஒன்பது கதிரை, ஏழு பேர்,
ஒரு மின்விசிறி; அதுவும் தலைவர் பக்கம் மட்டும் திரும்பும்.
நான் கூட்டக் குறிப்பெழுதுகிறவள்.

நிரலில் நாலாவது:
சுருக்குவலை அனுமதி, திருக்கடலூர், ஒரு விண்ணப்பம்.
சவிரியான் ஐயா கையை உயர்த்தினார்.
"விண்ணப்பகாரர் என்ர மருமகன்.
விதி ஏழின்படி நான் வெளியில நிக்கிறன்."

எழுதினேன்:
உறுப்பினர் தமது நலன் முரண்பாட்டை வெளிப்படுத்தி
10.22க்கு அறையை விட்டு வெளியேறினார்.

எழுதாதது:
மூக்குக்கண்ணாடி மேசையில்,
குடை கதிரையின் முதுகில்,
பிளேன்டி பாதியில்.
விறாந்தையில் அவர் செருமிய சத்தம்
ஜன்னல் சட்டங்களுக்கிடையால் நுழைந்து
ஒவ்வொருவர் பக்கத்திலும் கொஞ்சநேரம் இருந்துவிட்டுப் போனது.

கிண்ணியா லாபீர் நானா
பேனையை மூடினார், திறந்தார், மூடினார்.
"தலைவர், எனக்கொரு சந்தேகம்.
அவர் வெளிய போயிட்டார், சரி.
அவர்ட ஐஸ் என்ட வள்ளத்துக்குள்ளதானே கிடக்கு.
மூணு மாசக் காசு இன்னும் குடுக்கல்ல.
இப்ப நான் உள்ளயா, வெளியயா?"

விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.
பங்குக்குக் கட்டம் இருந்தது.
சம்பளத்துக்கு, பரிசுக்கு, இரத்த உறவுக்கு,
மனைவியின் சகோதரருக்குக்கூட இருந்தது.
ஐஸ் கடனுக்கு இல்லை.
வாடைக்காற்றில் தொழில் படுத்த மாதங்களில்
வீட்டுப் படியில் யார் வைத்ததென்று தெரியாமல் இருந்த
அரிசி மூட்டைக்கு இல்லை.

லாபீர் நானா எழுந்து போனார்.

பள்ளத்தோட்டம் ஞானரூபன்
ஒன்றும் சொல்லாமல் கதிரையைப் பின்னால் தள்ளினார்.
காரணம் எழுதவேண்டும் என்றேன்.
"கடல் உள்ளுக்கு வந்த அண்டைக்கு
என்ர சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஓடினது அவர்."
எந்தக் கட்டத்தில் போட என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.

இனி ஐந்து பேர் சேராது.
அது விளங்கியதும் ஜயதிலக்க,
இரண்டு மொழியிலும் பாதிப்பாதி மன்னிப்புக் கேட்டு,
தன் பிளேன்டியையும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
மின்விசிறி தலைவரைப் பார்த்தது.

வெளியே நாலு பேரும் கம்பியில் சாய்ந்து
கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
வாயிலில் ஒரு புள்ளிமான்.
இந்த ஊரில் எந்த வலையிலும் பங்கில்லாத ஒரு சீவன்
என்று நினைத்தேன்;
அது மென்றுகொண்டிருந்த ஈர அட்டைப்பெட்டியில்
சவிரியான் ஐஸ் கொம்பனி என்ற எழுத்தில்
கடைசி இரண்டும் இன்னும் விழுங்கப்படவில்லை.

அப்போதுதான் விறாந்தையில் ஒரு குரல் சொன்னது:
"இந்த வருசம் சூடை விரல் நீளத்துக்கும் இல்லை. கவனிச்சனீங்களா?"
இன்னொரு குரல்: "ம்."
பிறகு நாலு பேரும் கனநேரம் பேசவில்லை.

அறைக்குள் சொல்லவேண்டியிருந்த வசனம் அது ஒன்றுதான்.
அறைக்குள் அதைக் கேட்க
தகுதியோடு மூன்று பேர் மீந்திருந்தோம்,
என்னைச் சேர்த்தால் நாலு.
சேர்ப்பதில்லை.
நடப்பெண் என்ற சொல்லில்
ஒரு பெண் இருக்கிறாள், எண்ணிக்கையில் இல்லை.

எனக்கு அந்தப் படிவமும் தருவதில்லை.
தந்திருந்தால் எழுதியிருப்பேன்:
அந்த மருமகனின் படகில் என் தம்பி கூலிக்குப் போகிறான்.
அனுமதி கிடைத்தால் கட்டாருக்குப் போகமாட்டான்.
காலையில் அவன் தந்த சொப்பின் பை
என் மேசைக்கடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது.
சூடை. அரைக் கிலோ.
விரல் நீளம் இல்லை.

தட்டச்சு செய்தேன்:
நடப்பெண் இன்மையால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.
அடுத்தது பதினேழாம் திகதி.

விறாந்தை வசனத்தை ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
சொன்னவர் பெயர் போடவில்லை.
தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை.